கூடு பொரிந்த பகல்

செருப்பை மாட்டியாயிற்று, கேரியரைக் கையில் எடுத்தாயிற்று, ஃபேனை நிறுத்தத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கூட்டிலிருந்து ஏதோ வழிந்துகொண்டிருந்தது. எறும்பு ஏறிவிட்டது, எல்லாம் போச்சு என்று நினைத்துவிட்டேன். அப்புறம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தால் எறும்பு இல்லை, குஞ்சுகள். வெளிர் மஞ்சளில், அரிசிப் புழு அளவில், காலும் தெரியாமல் கையும் தெரியாமல் துணியில் சுற்றிவைத்த மாதிரி ஒவ்வொன்றாக நழுவி வெளியே வந்து, நூலில் தொங்கி, ஒன்றின் தலைமேல் ஒன்றாகக் கொத்தாக நெளிந்தன. ஒன்றரை மாதமாக இதற்காகத்தானே காத்துக்கிடந்தேன், ரொம்ப ஈரமானால் பூஞ்சை பிடிக்கும், ரொம்பக் காய்ந்தால் உள்ளேயே செத்துப்போகும் என்று காலையும் மாலையும் ஸ்பிரேயரில் தண்ணீர் பீய்ச்சி, பார்த்துப் பார்த்துச் செய்தேன், இவையும் நேரம் பார்த்துத்தான் வருகின்றன, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதா வரவேண்டும். கேரியரில் தாரணிக்குச் சோறும் பூண்டுக் குழம்பும், அம்மாவுக்குத் தயிர்சாதம். தாரணி என் தங்கை. அவள் பெற்ற பாப்பாவுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, அதற்குள் டெங்கு. கையில் ஊசி குத்த நரம்பு அகப்படாமல் நெற்றிக்கு மேலே கொஞ்சம் முடியைச் சிரைத்து அங்கே குத்தி வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறதாம், இன்று மதிய ரிப்போர்ட்டிலும் இறங்கியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றவேண்டும், அதற்குமேல் கடவுள் விட்ட வழி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், சீக்கிரம் வா என்று அம்மா காலையிலிருந்து ஃபோன்மேல் ஃபோன். சரி, பத்து நிமிஷம். நான் போய் நின்றால் மட்டும் ரிப்போர்ட் மாறிவிடப் போகிறதா. கேரியரை மேஜைமேல் வைத்தேன், செருப்பைக் கழற்றாமலே ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் செருப்பா என்று கத்துவதற்கு அம்மாதான் இல்லையே.

வரட்டும், நிதானமாக வரட்டும். கூடு என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, குருவிக்கூடு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். குச்சியில் ஒட்டிக் காய்ந்துபோன சோப்பு நுரை, அவ்வளவுதான் பார்வைக்கு, வெல்ல நிறத்தில், கட்டைவிரல் நுனியளவு. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. இதை இட்டவளை எனக்கு நன்றாகத் தெரியும். பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் குஞ்சாக வந்து சேர்ந்தவள், பச்சையாக, கையைக் கூப்பிக்கொண்டு. கும்பிடுபூச்சி, சாமி பூச்சி, வீட்டுக்கு நல்லது, அடிச்சுடாதே என்றாள் அம்மா. கையைக் கூப்பினால் அம்மாவுக்குச் சாமி, என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூடக் கையைக் கூப்பிக்கொண்டுதான் நின்றார்கள். அன்றைக்கே அந்தக் கூப்பிய கை ஒரு ஈயை அமுக்கிப் பிடித்துக் கண்ணிலிருந்து ஆரம்பித்து நிதானமாகத் தின்றதைப் பார்த்தேன், பாதி முகம் போன பிறகும் ஈ சிறகை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அருவருப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் சுகமாக இருந்தது, வருஷக்கணக்கில் நெஞ்சில் கட்டியிருந்த சளி இளகின மாதிரி. கரூரில் அவனோடு குடித்தனம் நடத்திய காலத்தில் அவன் என்மேல் சொன்ன ஒரே குற்றம், இவ பேசவே மாட்டேங்கிறா, உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா, எனக்கு பயமா இருக்கு என்பதுதான். பெரியவர்களைக் கூட்டி வைத்து அதைச் சொல்லித்தான் என்னைத் திருப்பி அனுப்பினான். பார்ப்பது ஒரு குற்றமா. பார்க்கத் தெரிந்ததால்தான் இவளை ஆளாக்க முடிந்தது. எப்போது பசி, எப்போது தோல் உரிக்கப் போகிறாள், எல்லாம் பார்த்தால் தெரியும். தோல் உரிக்கிற அன்று தலைகீழாகத் தொங்குவார்கள், அப்போது பெட்டியைத் தொடவே கூடாது, விழுந்தால் கால் கோணிக்கொண்டு அப்படியே இறுகிவிடும். தாரணி கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை வந்தவள், ஐய அக்கா, எவ்ளோ அழகா தொங்குதுன்னு விரலால் கண்ணாடியைத் தட்டினாள், பெட்டியில் இன்னொருத்தி இருந்தாள் அப்போது, பொத்தென்று விழுந்தாள். கால் நாலும் முறுக்கிக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொன்றேன், தாரணியைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் வைத்தேன். நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன் என்று சாயங்காலம் முழுக்க அழுதாள், ஃப்ரீசரைத் திறந்து மூடியது நான் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அவள் சுபாவம் அப்படி, யார் தட்டை உடைத்தாலும் தன் கையைத்தான் பார்ப்பாள்.

இவளுக்கு மாப்பிள்ளை கொச்சியிலிருந்து கூரியரில் வந்தான், பூச்சி வளர்க்கிறவர்கள் குழுவில் ஒரு பையன் அனுப்பினான், மெலிந்து பழுப்பாய் எலும்பும் தோலுமாக. பெண்ணுக்கு முதலில் வயிறு முட்டத் தீனி கொடுத்துவிட்டுத்தான் ஆணை உள்ளே விடவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த முறை, இல்லாவிட்டால் அவனையே தின்றுவிடுவாள். நான் தெரிந்தேதான் அன்று தீனி போடவில்லை. அவன் பின்னாலிருந்து நகர்ந்து நகர்ந்து, நின்று நின்று, பல் டாக்டரிடம் போகிறவன் மாதிரி வந்தான், ஏறினான், அவள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள், பிறகு சாவகாசமாக அவன் தலையைக் கடித்தாள். தலை போன பிறகும் உடம்பு வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்தது. குழுவில் என்னைத் திட்டினார்கள், தீனி போடாமல் யாராவது சேர்ப்பார்களா, உங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று. தெரியாமல் போய்விட்டது, மன்னியுங்கள் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு ஒரு சிரமமே இல்லை, கேட்டுவிட்டு மறந்துவிடுவேன். இதோ தொங்குகின்றனவே, இதெல்லாம் அந்தத் தலையில்லாதவனின் பிள்ளைகள். முதலில் வந்தவை சவ்வை உரித்துக்கொண்டு காலை நீட்டிவிட்டன, கொசு அளவில் முழுக் கும்பிடுபூச்சி, கண்கூட இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே என்னைப் பார்க்கின்றன. வயிறு தூக்கினாற்போல் வளைந்து, கையைக் கூப்பி. பிறந்து கால்மணி நேரத்தில் கையைக் கூப்பத் தெரிகிறது. அந்தப் பாப்பாவுக்கு இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை, தலையைப் பிடிக்காவிட்டால் சரிந்துவிடும், தூக்கும்போதெல்லாம் அந்தச் சரிகிற கழுத்து என் உள்ளங்கையில் சூடாகப் படும், அதை இப்போது எதற்கு நினைக்கிறேன்.

நினைக்காதே சுகந்தி. தாரணி வளைகாப்பு முடிந்து வந்த அன்றே என் ரூம் அவளுக்குப் போயிற்று, ஏசி உள்ள ஒரே ரூம், ஏசி வாங்கியது என் சம்பளத்தில், வீட்டில் உட்கார்ந்து கண் பூத்துப்போக அமெரிக்கக்காரன் ஆஸ்பத்திரி பில்களைத் தட்டித் தட்டி வாங்கியது, அதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. லேப்டாப்பும் பூச்சிப் பெட்டியுமாக நான் ஹாலுக்கு வந்தேன். எனக்குப் பொறாமைதான், அதை ஏன் பூசி மெழுகவேண்டும். அம்மா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள், பத்தியச் சாப்பாடு என்ன, வெந்நீர்க் குளியல் என்ன, வயிற்றுக்குத் துணி கட்டிவிடுவது என்ன. கரூரிலிருந்து நான் திரும்பி வந்த அன்று அதே அம்மா என் பெட்டியைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா லீவுக்கு வந்திருக்கேன்னு சொல்லு என்றாள், வேறு ஒரு வார்த்தை இல்லை. பாப்பாவை என் மடியில் கொடுக்கும்போது அம்மா பாப்பாவைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் திருப்பிக் கொடுத்த பிறகு சமையலறையில் மிளகாய் கமறும். எனக்குத் தெரியாதாம், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால் எனக்குத் தெரியாதாம். தாரணி மட்டும்தான், அக்கா நீ வெச்சுக்கோக்கா, உன்கிட்டதான் அழாம இருக்கா என்று திரும்பவும் கொண்டுவந்து மடியில் போடுவாள். அது அதைவிட மோசம். இரக்கப்பட்டுக் கொடுக்கிறாள் என்று தோன்றும், உடம்பெல்லாம் எரியும். இந்த லட்சணத்தில் அம்மா கொசு மிஷின் இரண்டு வாங்கிவந்து ஹாலில் ஒன்று ரூமில் ஒன்று சொருகி, கைக்குழந்தை இருக்கிற வீடு, ராப்பகல் அணைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாள். குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர் அப்போதுதான் எழுதியிருந்தார், கூடு பொரிந்த அன்று மனைவி தெரியாமல் மிஷினைப் போட்டுவிட்டாளாம், விடிந்து பார்த்தால் பெட்டியின் அடியில் எள்ளைக் கொட்டினாற்போல் அத்தனையும் செத்துக் கிடந்தனவாம், படமும் போட்டிருந்தார். ஹால் மிஷினைப் பிடுங்கி வைத்தேன். அம்மா சொருகினாள். மறுபடி பிடுங்கினேன். இன்னொரு தடவை கை வெச்சே, இந்தப் பெட்டியத் தூக்கி தெருவுல வீசிருவேன் என்றாள். வீசக்கூடியவள்தான். அன்று எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் இரண்டு மிஷினிலிருந்தும் பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சிங்கில் கொட்டி, கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து மாட்டினேன். சிவப்பு விளக்கு எப்போதும்போல எரிந்தது.

அவ்வளவுதான் செய்தது. யாரையும் அடிக்கவில்லை, கொல்லவில்லை, தண்ணீர் பிடித்து மாட்டினேன். வாசனையே வரலையேடி என்று அம்மா கேட்டாள், இது வாசனை இல்லாத வகை, குழந்தைக்கு நல்லது என்றேன். தண்ணீர் குறைந்தால் நானே நிரப்பி வைப்பேன், இதெல்லாம் அக்காதான் பாத்துக்கிறா என்று தாரணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். சாம்பிராணியையும் நான்தான் நிறுத்தினேன். பாப்பாவைக் குளிப்பாட்டித் தினமும் புகை போடுவாள் அம்மா, வீடே மூட்டமாகிவிடும், கூட்டுக்குள் இருக்கிறதற்கு மூச்சு முட்டாதா, பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாதென்று டாக்டர்களே சொல்கிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். பெரியம்மான்னா இப்படி இருக்கணும் என்று கீழ்வீட்டு ராஜாத்தி அக்காள் மெச்சினாள். குடை மாதிரி விரிக்கிற கொசுவலை ஒன்று தாரணி மாமியார் கொடுத்தது, அது ஜிப் அறுந்து கிடந்தது. தைத்திருக்கலாம். அரைமணி நேர வேலை. வலை நல்ல பொடிக் கண்ணாக இருந்தது, குஞ்சுகள் வெளியே போகாது, காலால் பற்றித் தொங்கவும் வசதி, வெட்டிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன், இதோ அதில்தான் இப்போது தொங்குகின்றன. அறுந்துபோனதைத்தானே வெட்டினேன். நல்லதை வெட்டவில்லையே. அப்புறம் அந்தக் குதிகால், வேண்டாம், அதை நினைக்கவேண்டாம். ஹாலில் தூளி கட்டிப் போட்டிருந்தது, பகல், அம்மா கடைக்குப் போயிருந்தாள், தாரணி குளித்துக்கொண்டிருந்தாள். தூளிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது, குதிகாலில் ஒரு கொசு, காலில் வெள்ளை வரி போட்ட கொசு. வயிறு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து உப்பிக்கொண்டு வந்தது. நான் குனிந்து கிட்டத்தில் பார்த்தேன், எவ்வளவு நேரம் குடிக்கிறது என்று. அடித்தால் பாப்பா முழித்துக்கொள்ளும், அதனால்தான் அடிக்கவில்லை. கையால் வீசியிருந்தாலே போதும், பாப்பா முழித்திருக்காது. முழித்திருக்காது என்று அப்போதும் தெரியும். குடித்து முடித்து, கனம் தாங்காமல் தாழ்வாகப் பறந்து போய்ச் சுவரில் உட்கார்ந்தது, அங்கே அதை டப்பாவில் பிடித்து என் கிழவிக்குப் போட்டேன். அவள் கூடு இட்டுவிட்டுச் சாகிற காலம், ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது, பெரிய பூச்சியைப் பிடிக்கத் தெம்பில்லை. வாங்கித் தின்றாள். அவளுக்கு அதுதான் கடைசித் தீனி, நினைத்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. பாப்பாவுக்கு வரவில்லை, இவளுக்கு வருகிறது, நான் என்ன ஜன்மம் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த ஒரு கொசுதான் என்று என்ன நிச்சயம். ஆயிரம் கொசு இருக்கிற ஊர், அதில் எது கடித்தது என்று யார் சொல்லமுடியும், கோர்ட்டில்கூட நிற்காது. டெங்கு என்று தெரிந்ததும் கார்ப்பரேஷனிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒரு அம்மாவும் முதுகில் மருந்து டிரம் கட்டிய ஒரு ஆளும். அவர்கள் கீழ்வீட்டில் பேசுகிற சத்தம் கேட்டதுமே பெட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் வைத்திருந்த கிண்ணங்களை எடுத்துப் பாத்ரூமில் கொட்டினேன், எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தது, வாரக்கணக்கில் மாற்றவில்லை. கொட்டும்போது ஏதோ துள்ளின மாதிரி இருந்தது. துள்ளியதா, வெளிச்சமா, சரியாகப் பார்க்கவில்லை. எதையும் விடாமல் பார்க்கிற நான் அதை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. அந்த அம்மா ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தாள், தொட்டிகளைத் தூக்கினாள், ரூமுக்குப் போய் மிஷினைப் பார்த்தாள், பளிச்சென்று சிவப்பு விளக்கு, மிஷினெல்லாம் ஓடுதே, சுத்தமா வெச்சிருக்கீங்களேம்மா என்று என்னைப் பாராட்டினாள். மேல்வீட்டு பால்கனியில் ஒரு பக்கெட்டில் புழு இருந்ததாம், அவர்களைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள். ஆக, மேல்வீட்டுக் கொசு. அரசாங்கமே வந்து பார்த்துச் சொல்லியாயிற்று. அப்படியென்றால் எனக்கு ஏன் நேற்று ஆஸ்பத்திரியில் மூத்திரம் முட்டிக்கொண்டே இருந்தது, டாக்டர் திரும்பும்போதெல்லாம் நான் ஏன் தூணுக்குப் பின்னால் போனேன். மிஷினில் மருந்து இருந்திருந்தால் மட்டும் கடித்திருக்காதா, இருக்கிற வீட்டிலெல்லாம் கடிக்கவில்லையா. கடித்திருக்கும். கடித்திருக்காது. கடித்திருக்கும். இந்த மூன்று நாளில் எத்தனை தடவை இதையே உருட்டிவிட்டேன், செக்கு மாடு மாதிரி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நல்ல மருந்து பாட்டில் வாங்கி மாட்டியிருக்கலாம், யாருக்கும் தெரியாது, சாட்சியே இல்லாமல் போயிருக்கும். மாட்டவில்லை. கூடு பொரியவேண்டுமே.

ஃபோன் அடித்து நின்றது. அம்மாவாகத்தான் இருக்கும். கேரியரைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இறங்கிவிட்டது. இப்போது கிளம்பினாலும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தாரணி பசியில் துவண்டிருப்பாள், பால் கொடுக்கிறவள், பால் எங்கே கொடுக்கிறாள், பாப்பாவை ஐசியூவில் வைத்துக்கொண்டு இவளை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள், நேற்று அவள் ஜாக்கெட் நனைந்து நனைந்து, அம்மா துண்டை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு வலித்தது. வலித்தது என்பது சத்தியம். ஆனால் வலிக்கும்போதே இன்னொரு பக்கம், உனக்கும் ஒன்று வந்ததா, வரட்டும் என்று ஒரு குரல், அதுவும் என் குரல்தான். பெட்டிக்குள் முதல் சண்டை ஆரம்பித்துவிட்டது. சாதாரணமாக ஒன்றிரண்டு நாள் பொறுத்துத்தான் ஒன்றையொன்று பிடிக்கும், இது பிறவியிலேயே பெருந்தீனி போலிருக்கிறது, இன்னும் நூலிலிருந்து இறங்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டது, சவ்வுகூட முழுசாக உரியவில்லை அதற்கு. வாழைப்பழம் அழுகவைத்துப் பழ ஈ தயார் பண்ணியிருக்கவேண்டும், ஆஸ்பத்திரி அலைச்சலில் விட்டுப்போயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கப்பில் பிரித்துப் போட்டால் பிழைக்கும், கப் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன், தூரிகையால் மெல்லத் தள்ளிப் பிரிக்கவேண்டியதுதான். கை போகவில்லை. தின்னட்டும். பலமானது நிற்கும். பிடிபட்டது காலை உதறுகிறது, சத்தம் இல்லை, இவற்றிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எது நடந்தாலும் சத்தம் கிடையாது. பாப்பாவுக்கு நெற்றியில் குத்தும்போது வராந்தா முனை வரைக்கும் கேட்டது.

மறுபடி ஃபோன். தாரணி. எடுத்தேன்.

“அக்கா.” பின்னால் அவள் மாமியார் குரல், யாரையோ கூப்பிட்டு ஆம்புலன்ஸ் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், இன்னும் இறங்கியிருக்கிறதாம். உடம்பெல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி வந்துவிட்டதாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம், வழி தாங்குமா என்று டாக்டரே யோசிக்கிறாராம். கேரியர் வேண்டாம், நீ அலையாதே என்றாள். இந்த நிலைமையிலும் நான் அலையக்கூடாதாம். நான் ம் என்றேன். பெட்டிக்குள் பெருந்தீனி தலையை முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்திருந்தது.

“டாக்டர் கேட்டாருக்கா, வீட்ல மிஷின் போடறீங்களான்னு. ராப்பகலா ரெண்டு ஓடுது, எங்கக்கா பாத்துப் பாத்து மாத்துவான்னு சொன்னேன். அப்ப வெளிய எங்கயோதான் கடிச்சிருக்குன்னுட்டாரு. வெளியன்னா மொட்டை மாடிக்கு மட்டும்தானேக்கா போனோம்.” மாடிக்கு, ஆமாம். பிறந்தபோது பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை லேசாக இருந்தது, காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள், தாரணி தினமும் தூக்கிக்கொண்டு போவாள். அதை மாமியாரிடம் உளறியிருக்கிறாள். மாமியார் வராந்தாவில் நர்ஸுகள் முன்னாலேயே, பெத்தவளே கொண்டுபோய் கொசுவுக்குக் கொடுத்திருக்கா, புள்ள பொழைச்சு வந்தா நாங்க வளத்துக்கிறோம், இவ இங்கயே அம்மா வீட்லயே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றாராம், இவளை ஒருதடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாராம். அந்தத் தலை திருப்பல் எனக்குத் தெரியும். கரூரில் பார்த்தது. ஆக இவளும் பெட்டியோடு வந்துவிடுவாள், அந்த ஏசி ரூமில் இவள், ஹாலில் நான், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்று அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வாள். நினைத்ததும் வயிற்றுக்குள் ஒரு இனிப்பு பரவியது, ஐயோ என்று நானே பதறினேன், ஆனாலும் பரவியது.

“நானாக்கா? சொல்லுக்கா. நான் தூக்கிட்டுப் போனதாலயா?”

மிஷின்ல மருந்து இல்லடி. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொன்னால் இப்போதே அந்த வராந்தாவில் அவள் நிமிர்ந்து நிற்பாள், மாமியார் என் பக்கம் திரும்புவாள், அம்மா இந்தப் பெட்டியைத் தெருவில் வீசுவாள், பிறகு என்னையும். சொல்லிவிடு. மாடியில் வெயில் காய்ந்தது தப்பில்லை, உன்மேல் தப்பே இல்லை என்றாவது சொல், அதற்கு மருந்தைப் பற்றிச் சொல்லக்கூட வேண்டியதில்லை, இது மேல்வீட்டுக் கொசு என்று சொல், பொய்யானாலும் அவள் மூச்சு விடுவாள். உண்மையில் அவள் தயங்கியபோதுகூட நான்தான், போய்ட்டு வா, வெயில் நல்லது என்று தள்ளி அனுப்புவேன், அவள் மேலே போகிற நேரத்தில்தான் நிம்மதியாக மிஷினுக்குத் தண்ணீர் நிரப்பமுடியும். ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, வா வா என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை, என் பதிலுக்காக நின்றாள், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“மாடிக்குக் கொண்டுபோகாதேன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல தாரணி” என்றேன்.

என் குரல் நிதானமாக இருந்தது, அக்காமார்கள் பேசுகிற மாதிரியே இருந்தது. எப்போ சொன்னே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அது சத்தியம், அந்த ஒரு நொடி நான் கேள் கேள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். ஃபோனில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளுகிற சத்தம் வந்தது, அம்மா பெரிதாக அழுவது கேட்டது.

“ஆமாக்கா” என்றாள். “நீ சொன்ன. நான்தான் கேக்கல.”